பல் செட்டுக்கு விழுந்த பூட்டு

அவருக்கு 'முன்னாடி' என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது. ஆனால் வைத்தவர் கெட்டிக்காரர். எதைச் சொன்னாலும் மனிதர் வாயிலிருந்து முதலில் வருவது "அதுக்கு முன்னாடி" என்பதுதான். "சாப்பிட வாங்க" என்று மனைவி கூப்பிட்டால், "அதுக்கு முன்னாடி இந்த மேசையைத் தொடச்சிடறேன்" என்பார். மேசையைத் துடைக்கத் துணியை அலச வேண்டும். அலசப் போனால் குழாய் சொட்டுகிறது. குழாயை இறுக்க ஸ்பானர் வேண்டும். ஸ்பானர் பரண்மேல் இருக்கிறது, பரணில் ஏற ஏணி வேண்டும், ஏணிக்கு ஒரு கால் ஆடுகிறது. மனைவி சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு எழுந்து பார்த்தால், அவர் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஏணிக் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருப்பார். மேசை அப்படியே இருக்கும். அவர் வயிறும் அப்படியே இருக்கும்.

சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சோம்பேறி சும்மா இருப்பான். இவர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருந்ததில்லை. வேலை செய்து செய்தே ஒரு வேலையையும் முடிக்காத அபூர்வப் பிறவி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்த வியாதி நல்ல குணமாக மாறிவிடும். அது அவர் வேலை பார்த்த இடம். ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில், எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருந்த சின்ன அறையில், அவர் பல் செட் செய்துகொண்டிருந்தார். பல் செட்டுக்கு வரிசை உண்டு. வாயில் அச்சு எடுக்காமல் பிளாஸ்டர் வார்க்க முடியாது. வார்ப்பு காயாமல் மெழுகு வைக்க முடியாது. மெழுகைக் கடிக்க வைத்துக் கடி பொருந்துகிறதா என்று பார்க்காமல் பல் அடுக்க முடியாது. இதில் யாராவது அவசரப்பட்டால், கீழ்த்தாடை கிழக்கேயும் மேல்தாடை மேற்கேயும் போய்விடும். அவர் செய்த செட்டைப் போட்டவர்கள் கரும்பு கடித்தார்கள், விசில் அடித்தார்கள். என்ன, செட் கைக்கு வருவதற்குள் சிலர் கஞ்சியிலேயே காலத்தை ஓட்டப் பழகியிருந்தார்கள்.

அவர் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளைக் 'கிளட்ச் அக்கா' என்பார்கள். பொறுமை என்பது அவளுக்குப் பிடிக்காத காய்கறி மாதிரி. தட்டில் விழுந்தாலும் ஓரத்தில் ஒதுக்கிவிடுவாள். இந்த இரண்டு பேருக்கும் எப்படிக் கல்யாணம் ஆனது என்று கேட்கிறீர்களா? முன்னாடி அவளிடம் கார் ஓட்டப் படிக்கத்தான் வந்தார். "வண்டிய எடுங்க" என்றாள். "அதுக்கு முன்னாடி கண்ணாடிய சரி பண்ணிக்கிறேன்" என்றார். கண்ணாடியைச் சரி செய்ததும் சீட்டு இடித்தது. சீட்டை நகர்த்தியதும் கண்ணாடி மாறிவிட்டது. அந்தப் பயிற்சிக் காலம் முழுக்கக் கார் ஓர் அடிகூட நகரவில்லை. நின்ற காரில் இரண்டு பேர் எத்தனை நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பது? பேசினார்கள். கடைசியில் அவளே, "என்னக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவர் வாயைத் திறந்து 'அ' என்று ஆரம்பிப்பதற்குள், "முன்னாடி கின்னாடின்னு ஏதாவது சொன்னீங்க, இப்பவே எறக்கி விட்டுடுவேன்" என்றாள். அவர் வாழ்க்கையில் வரிசை தப்பிச் செய்த ஒரே காரியம் அந்தக் கல்யாணம். கார் ஓட்டுவதற்கான லைசென்ஸ் இன்னும் வாங்கவில்லை.

பயிற்சி வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டில் அவளுக்குத் தேவைப்பட்டதோ ஓர் ஆக்சிலரேட்டர்.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் அந்தச் செயலி வந்தது. மருத்துவமனையில் யாருடைய பல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் டாக்டரம்மா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் எல்லோருடைய போனிலும் ஒரு வேலைப் பட்டியல் செயலியை ஏற்றிவிட்டார். ஒரு பெரிய வேலையைப் போட்டு, அதன் கீழே சின்னச் சின்ன வேலைகளை அடுக்கிக்கொள்ளலாம். பெரியது தாய், சின்னது பிள்ளை என்று வரவேற்பறைப் பெண் விளக்கினாள். பிள்ளைகள் எல்லாம் முடிந்தால்தான் தாய் முடியும். அது மட்டுமா? ஒரு வேலையை இன்னொன்றோடு சங்கிலி போட்டுக் கட்டலாம். அப்படிக் கட்டிவிட்டால், முன்னதை முடிக்காமல் பின்னதைத் தொட முடியாது. தொட்டால் ஒரு குட்டிப் பூட்டுப் படம் வந்து நிற்கும். அதன் கீழே, 'இதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது' என்று எழுத்து வரும்.

முன்னாடி அந்த வரியைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயுள் முழுக்க அவர் சொல்லி ஊரே கேலி செய்த விஷயத்தை, ஒரு கம்பெனி கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு விற்கிறது!

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியிடம் போனை நீட்டினார். "பாத்தியா, நான் என்ன சொல்றனோ அதையேதான் இதுவும் சொல்லுது."

"சரியாப் போச்சு" என்றாள் அவள். "ஒருத்தரை வச்சுக்கிட்டே முழி பிதுங்குது. இனிமே ரெண்டு பேரு."

அவள் போனிலும் அதை ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து வீடும் பட்டியலுக்குள் போனது. டீ போடுவது என்பது தாய். பால் பாக்கெட்டை வெட்டுவது பிள்ளை. கத்தரிக்கோலை எடுப்பது பிள்ளைக்குப் பிள்ளை. கத்தரிக்கோல் இருந்த இழுப்பறையின் கைப்பிடி கழன்றிருந்ததால், கைப்பிடி மாட்டுவது என்று கொள்ளுப்பிள்ளையும் பிறந்தது. காலையில் கிளட்ச் அக்கா போனைப் பார்த்தால் டீக்குப் பூட்டு விழுந்திருக்கும். "டீக்குப் பூட்டாம், பூட்டு!" என்று பல்லால் பாக்கெட்டைக் கடித்துத் திறந்து டீ போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் வரும்வரை அவள் போன், வரிசை மீறப்பட்டது, வரிசை மீறப்பட்டது என்று கத்திக்கொண்டே இருக்கும்.

வீட்டில் மூன்றாவது ஆள் மாமனார். கிளட்ச் அக்காவின் அப்பா. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தே ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்துக் குழாய் ஒலிபெருக்கியே அவர் குரலுக்கு முன்னால் கொஞ்சம் கூச்சப்படும். எந்த வண்டி எந்த மேடை என்று சொல்லி முடித்ததும், தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொள்வார்: "ஏறுகிறவர்கள் ஏறிக்கொள்ளலாம். யோசிக்கிறவர்கள் அடுத்த வண்டியில் வரலாம்." மேலதிகாரிகள் எவ்வளவோ கண்டித்தும் அதை விட்டதில்லை. மகள் ஒரு பல் செட்காரரைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து நின்றபோதும், அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஏறுகிறவர்கள் ஏறிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினார்.

அவரும் பல் செட் போட்டவர்தான். மகள் கல்யாணத்துக்கு முன்பே வேறு எங்கோ கட்டியது. ஒரு நாள் மூன்றாம் மாடி பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு தும்மல் வந்தது. குரல் மாதிரியேதான் தும்மலும். மேல் செட்டும் கீழ் செட்டும் ஒன்றாகப் பறந்து நடுத்தெருவில் விழுந்தன. ஓடிப்போய் எடுக்கலாம் என்று படியில் இறங்குவதற்குள் பதினேழாம் எண் பேருந்து வந்து அவற்றின்மேல் ஏறிவிட்டது. வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் வாயாலேயே வழியனுப்பிவைத்த அதே பதினேழாம் எண்!

அன்று வாயை மூடியவர் மூடியவர்தான். வாய்மேல் ஒரு கைத்துண்டை வைத்துக்கொண்டுதான் பேசினார். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிட்டார். மருமகன் பல் செட் செய்கிறவர், முதலாளி பல் டாக்டர், அப்புறம் என்ன கவலை என்றுதானே நினைக்கிறீர்கள்? எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"மாமா, கொஞ்சம் வாயத் தெறங்க. அச்சு எடுத்துட்டா மீதிய நான் பாத்துக்கிறேன்" என்றார் முன்னாடி.

மாமனார் துண்டை இன்னும் இறுக்கினார். "என் வாய்தான் மாப்ளே என் ஆபீஸ். ஆபீஸ் இடிஞ்சு கெடக்கறப்ப ஆளக் கூப்பிட்டுக் காட்டுவாங்களா? பல்லக் கட்டுங்க. கட்டினதும் தெறக்கறேன்."

"தெறந்தாத்தான் மாமா கட்ட முடியும்."

"கட்டினாத்தான் மாப்ளே தெறப்பேன்."

இது விளையாட்டாகவே போய்க்கொண்டிருக்கும், அந்தக் கடிதம் வராமல் இருந்திருந்தால். பேருந்து நிலையத்தில் அறிவிப்பை இயந்திரத்துக்கு மாற்றுகிறார்கள். பயணிகள் இன்னும் பழைய குரலையே கேட்கிறார்கள் என்பதால், எல்லா எண்களையும் எல்லா மேடைகளையும் அவரே வந்து பேசிப் பதிவு செய்து தர வேண்டும் என்று நிலைய மேலாளர் எழுதியிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வர வேண்டும். வர முடியாவிட்டால் இயந்திரமே தன் குரலில் பேசிக்கொள்ளும்.

மாமனார் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் எடுத்துப் படித்தார். திரும்ப மடித்தார். அவருக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை என்று எதுவும் இருந்ததில்லை. வீடு வேண்டும், நிலம் வேண்டும் என்று அலைந்தவரும் இல்லை. இது ஒன்று மட்டும் வேண்டும் என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தனக்குப் பிறகும் தன் குரல் அந்தக் கூரையின் கீழே இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பல் இல்லாமல் மைக் முன்னால் நிற்பதைவிட, நிற்காமலே இருப்பது மேல் என்று அவர் மனசு சொன்னது.

முன்னாடிக்கு மாமனார்மேல் உயிர். ராத்திரி பகலாக யோசித்து, செயலியில் 'மாமா பல்' என்று ஒரு தாயை உண்டாக்கினார். அதன் கீழே பிள்ளைகளை அடுக்கினார். ஒலிப்பதிவை, பல் செட்டை ஒப்படைப்பதோடு சங்கிலியில் கட்டினார். ஒப்படைப்பதை, வாயைத் திறப்பதோடு கட்டினார். அவர் நேர்மையான மனிதர் இல்லையா, மாமனார் சொன்ன நிபந்தனையையும் விடாமல், வாயைத் திறப்பதைப் பல் செட்டை ஒப்படைப்பதோடு கட்டினார்.

செயலி மறுத்துவிட்டது. 'இந்த வேலைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கின்றன. இப்படி இணைக்க முடியாது.'

அவர் ஆடிப்போய்விட்டார். உலகமே கேலி செய்தபோது தன்னோடு நின்ற ஒரே ஜீவன் இப்போது கையை விரித்துவிட்டது. உடனே செயலிக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"சார், ரெண்டு வேலை ஒன்னுக்கொன்னு காத்துக்கிட்டு இருக்க முடியாது சார். அப்படி ஒலகத்துலயே கெடையாது."

"இருக்கேம்மா. ஹால்ல துண்டோட உக்காந்திருக்கார்."

"புரியல சார். அப்ப ரெண்டுல ஒன்ன அழிச்சிடுங்க."

"மாமனாரயா?"

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மேலதிகாரிகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டாள். இன்றுவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எழுதவே வெட்கமாக இருக்கிறது. திறக்கச் சொன்னால்தானே திறக்கமாட்டார், தானாகத் திறக்க வைத்தால்? 'மாமாவைச் சிரிக்க வைப்பது' என்று ஒரு பிள்ளை வேலையைப் போட்டு அதை மனைவிக்கு ஒதுக்கினார். அவள் பயிற்சிப் பள்ளியில் நடக்கிற கூத்தையெல்லாம் சொன்னாள். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் உடம்பை மட்டும் திருப்பிக்கொண்டு வண்டியை நேராக விட்டு, முடிவெட்டும் கடைக்குள் நுழைந்து, அப்படியே முடியும் வெட்டிக்கொண்டு வந்தவன் கதையைச் சொன்னாள். மாமனாருக்குத் தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. துண்டு மட்டும் நகரவில்லை.

அடுத்தது கொட்டாவி. ஒருவர் விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் வரும் என்று யாரோ சொல்ல, முன்னாடி மாமனாருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சிங்கம் மாதிரிக் கொட்டாவி விட்டார். அவர் மனைவிக்கு வந்தது. தண்ணீர் கேன் போட வந்தவனுக்கு வந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் இருந்த அம்மாளுக்கும் வந்தது. மாமனாருக்கும் வந்தது, துண்டுக்குப் பின்னால் நிதானமாக விட்டு முடித்தார். கொட்டாவி விட்டு விட்டு முன்னாடிக்குத்தான் தாடை பிடித்துக்கொண்டது. மறுநாள் டாக்டரம்மாதான் அதை நேராக்கிவிட்டார்.

வாரம் பாதி போனது. மாமனார் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, 'என்னால் வர இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இத நானே கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னார். அந்தக் குரலில் அத்தனை அலுப்பு இருந்தது. முன்னாடி போனை எடுத்துப் பார்த்தார். எல்லா வேலைக்கும் பூட்டு தொங்கியது.

அன்று சாயங்காலம் கிளட்ச் அக்காவிடம் ஒருவருக்குப் பயிற்சி இருந்தது. யார் தெரியுமா? நம் டாக்டரம்மாவேதான். ஊரார் பல்லையெல்லாம் கை நடுங்காமல் பிடுங்குகிறவருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கும். "போற வழிதானே, அப்பாவ நிலையத்துல எறக்கி விட்டுடலாம்" என்று கிளட்ச் அக்கா சொன்னாள். டாக்டரம்மா ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார, பின்சீட்டில் மாமனாரும் துணைக்கு முன்னாடியும் உட்கார்ந்தார்கள். கூரையில் 'பயிற்சி வண்டி, விலகிச் செல்லவும்' என்ற பலகையோடு கார் கிளம்பியது. நல்ல மனம் கொண்டவர்கள் விலகிச் சென்றார்கள்.

பேருந்து நிலையத்தின் வாசலில் திரும்பும்போது கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. வாசலின் நட்டநடுவில்.

"கிளட்ச், டாக்டர், கிளட்ச்!"

"அக்கா, இதுல எது கிளட்ச்?"

உள்ளேயிருந்து பதினேழாம் எண் வந்துகொண்டிருந்தது. கார் நகர்ந்தால்தான் அது வெளியே போக முடியும். வெளியேயிருந்து நாற்பத்திரண்டாம் எண் மூக்கை நுழைத்துவிட்டது. பதினேழு வெளியே போனால்தான் அது உள்ளே போக முடியும். ஒருவழியாகக் காரைக் கிளப்பினால், அதன் எதிரே நாற்பத்திரண்டு சுவர் மாதிரி நிற்கிறது; அது பின்வாங்கினால்தான் கார் நகர முடியும். நாற்பத்திரண்டின் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "மொதல்ல பதினேழ எடுக்கச் சொல்லு" என்றார். பதினேழின் டிரைவர், "மொதல்ல காரத் தூக்கச் சொல்லு" என்றார். டாக்டரம்மா பாவம், கண்ணாடியை இறக்கி, "மொதல்ல நாப்பத்திரண்டு சார் போனார்னா..." என்று ஆரம்பித்தார். மூன்று பேரிடமும் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடமே. பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே வந்தன. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. கூட்டம் கூடிவிட்டது, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

பின்சீட்டில் முன்னாடி மூன்று வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுக்கொன்று காத்திருக்கும் வேலைகள் உலகத்திலேயே கிடையாது என்று சொன்னாளே அந்தப் பெண், அவளைக் கையோடு கூட்டிவந்து காட்டலாம் போல இருந்தது.

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. மாமனார் இறங்கினார். பார்த்துப் பார்த்து நடத்திய நிலையம் இப்படிச் சந்தைக்கடையாகக் கிடப்பதை அவரால் எத்தனை நேரம்தான் பொறுத்துக்கொள்ள முடியும்? துண்டை வாயிலிருந்து எடுத்துத் தோளில் வீசினார். வாயைத் திறந்தார்.

"நாப்பத்திரண்டு! ரெண்டடி பின்னால போ!"

ஒலிபெருக்கியும் இல்லை, பல்லும் இல்லை. ஆனால் வாசல் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. ஹாரன்கள் சட்டென்று நின்றன. நாற்பத்திரண்டின் டிரைவர் யார், என்ன என்று பார்க்கவில்லை. அவர் கை தானாகவே பின் கியரைப் போட்டுவிட்டது.

"காரு! எடப்பக்கம் ஒதுங்கு! ஏய், ஸ்டியரிங்க ஒடி! ஆங். பதினேழு, போலாம், போலாம், ரைட்டு! நாப்பத்திரண்டு, உள்ள வா, மூணாவது மேடை!"

'ச' வரும் இடமெல்லாம் காற்று கொஞ்சம் வழுக்கியது. ஆனால் புரியாதவர் ஒருவர்கூட இல்லை. வண்டிகள் நூல் பிடித்த மாதிரி நகர்ந்தன. கூட்டத்தில் யாரோ, "அட, நம்ம பழைய குரல்!" என்றார். அடுத்த நிமிடம் மொத்த நிலையமும் கைதட்டியது. மாமனார் ஒரு கையைத் தூக்கி, ஊர் பார்க்க, வாய் நிறையச் சிரித்தார்.

ஊரே அந்தச் சிரிப்பைப் பார்த்தது. முன்னாடி மட்டும் ஈறைப் பார்த்தார். மேல் ஈறு நல்ல அகலம், கீழே இடப்பக்கம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, நாக்கு பெரிது. தொழில் புத்தி எங்கே போகும்?

சிரித்து முடித்த பிறகுதான் மாமனாருக்குத் துண்டு தோளில் இருப்பது உறைத்தது. எடுக்கக் கை போனது. பாதியில் நின்றது. "ஊரே பாத்தாச்சு, இனிமே ஒங்ககிட்ட என்ன மாப்ளே மறைக்கறது? வாங்க, அச்சு எடுங்க" என்றார். அந்த வெள்ளைத்தாளை நாலாகக் கிழித்து, குப்பைத் தொட்டி தேடிப் போட்டார்.

அப்புறம் மருத்துவமனையில் நடந்ததை வரவேற்பறைப் பெண் இன்னும் நம்பவில்லை. டாக்டரம்மா அச்சு எடுத்துக் கொடுத்ததும் முன்னாடி பின்கட்டுக்குள் நுழைந்தார். மேசை துடைக்கவில்லை. மெழுகுக் கத்திகளை அளவு வாரியாக அடுக்கவில்லை. ஜன்னல் திரையின் வளையம் ஒன்று கழன்று தொங்கியதைப் பார்த்தார், பார்த்தும் விட்டுவிட்டார். பிளாஸ்டர், மெழுகு, கடி, பல் என்று எது நிஜமாகவே முன்னால் வர வேண்டுமோ அதை மட்டும் முன்னால் செய்தார். பையில் போன் அதுபாட்டுக்குக் கத்தியது, இதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது என்று. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வியாழக்கிழமை மாலை, வீட்டில் வைத்தே, பளபளவென்று ஒரு பல் செட் மாமனாரின் வாயில் உட்கார்ந்தது. அதைவிட அழகான செட்டை அவர் அதற்கு முன் செய்ததும் இல்லை. கிளட்ச் அக்கா அப்பாவைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள்.

வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு அறை. மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் மைக் முன்னால் நின்றார். "பதினேழாம் எண்..." என்று தொடங்கினார். காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருந்த பதிவாளர் கையைத் தூக்கினார்.

"சார், நடுவுல 'டக்டக்'னு ஒரு சத்தம் வருது."

மீண்டும் பேசினார். மீண்டும் டக்டக். குதிரைவண்டியில் உட்கார்ந்துகொண்டு அறிவிப்பது மாதிரி இருந்தது. கூட வந்திருந்த டாக்டரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். "புது செட்டு இல்லையா, வாய்க்குப் பழகணும். அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் சத்தம் போடத்தான் செய்யும்."

'அதுக்கு முன்னாடி' என்ற வார்த்தை அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது எவ்வளவு கொடுமையானது என்று முன்னாடிக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் முகம் செத்துப்போனது. மாமனார் ஓரமாக நின்ற நிலைய மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். அன்னிக்கு வாசல்ல ஒரு சத்தம் போட்டீங்களே, அந்தக் கொரலத்தான் நான் கேட்டேன். பல்ல யாரு கேட்டா?"

மாமனார் மைக்கை விட்டு ஓரடி தள்ளி வந்தார். பிறகு, அத்தனை பேர் முன்னாலும், மேல் செட்டைக் கழற்றினார். கீழ் செட்டைக் கழற்றினார். இரண்டையும் மருமகன் கையில் வைத்து, அந்த விரல்களைத் தானே மூடிவிட்டார்.

"பல்லு பிரமாதம் மாப்ளே. சாப்பாட்டுக்கு வச்சுக்கறேன்."

மைக் பக்கம் திரும்பினார். வெறும் வாயோடு, பழைய நாட்களில் பேசியது போலவே பேசினார். கையில் ஈரப் பல் செட்டோடு முன்னாடி ஓரமாக நின்றார். முதலில் வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்றால் பொய். அப்புறம் அந்தக் குரல் அறையை நிறைக்க நிறைக்க, வருத்தம் இருந்த இடம் தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதார். ஒலிப்பதிவுக்கு முன்னால் பல் என்று சங்கிலி போட்டது மாமனாரும் அவரும்தான். அதற்கு முன்னால் எதுவுமே தேவைப்படவில்லை.

இப்போது அந்த நிலையத்தில் அந்தக் குரல்தான் பேசுகிறது. மாமனார் செட்டைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்க்காமல் சாப்பிடுகிறார். வெளியே கிளம்பும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். யாராவது பேசச் சொல்லிக் கேட்டால் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறார்.

ஒரு நாள் காலையில் முன்னாடி வேலைக்குப் போக நிலையத்தில் நின்றார். செருப்பு வார் அறுந்திருந்தது. எதிர்ச்சாரியில் செருப்புத் தைக்கும் கடை இருந்தது. போய்த் தைத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று ஒரு கால் கிளம்பியே விட்டது. பையில் போன் கத்தியது. எடுத்துப் பார்த்தார். 'மாமா வாயைத் திறப்பது' என்ற பிள்ளை வேலையை அவர் இன்னும் டிக் செய்யவில்லை. ஆகவே செயலி பூட்டைக் காட்டி, பொறுப்பாகச் சொன்னது: ஒலிப்பதிவை இப்போது தொடங்க முடியாது.

தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"பதினேழாம் எண், இரண்டாவது மேடை. ஏறுகிறவர்கள் ஏறிக்கொள்ளலாம். யோசிக்கிறவர்கள் அடுத்த வண்டியில் வரலாம்."

முன்னாடி போனைப் பைக்குள் போட்டார். அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.